பேண்டு செட்டில் பன்னிரண்டு பேர்

அமுதா,

கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு எழுதும்போது சௌபாக்கியவதி என்று ஆரம்பிப்பதுதான் முறை. கோர்ட்டில் நகல் எழுதியே பாதி ஆயுசைத் தள்ளினவன் நான். எந்தத் தாளில் எந்த இடத்தில் எந்தச் சொல் வர வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இன்றைக்கு அந்தச் சொல்லை எழுதக் கூச்சமாக இருக்கிறது, அதனால் வெறும் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் நீ என்னை ஒன்று கேட்டாய். நான் கையிலிருந்த டீயைக் குடித்தேன். மெட்ராஸ் பஸ் வந்தது. "பாத்துப் போம்மா" என்றேன். நீ ஏறிவிட்டாய். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

நீ கேட்டதை நீ கேட்டபடியே எழுதுகிறேன், நகல் எடுப்பதில் எனக்குப் பிழை வராது. "நைனா, எனக்குக் கல்யாணம் வேணாம். கல்யாணம்னா அப்பால புள்ள. எங்கையில ஒரு புள்ளைய நம்பிக் குடுக்கக் கூடாது. பாபுவுக்கு வேண்டிகினப்ப எல்லா பொம்மையும் குடுன்னு அம்மா கேட்டாங்க இல்ல, நான் ஒண்ண ஒளிச்சி வெச்சிட்டேன். அதனாலதான அவன் பூட்டான்?" கேட்டுவிட்டு, பத்து நாளில் மாப்பிள்ளை வீட்டுக்கு நானே கடிதம் போட்டு நிறுத்திவிடுகிறேன் என்றாய். நீ நர்ஸ். ஒரு நாளைக்கு எத்தனை குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிறாயோ, உனக்கே கணக்கிருக்காது. அப்படிப்பட்டவள் பொம்மையை ஒளித்ததால் தம்பி செத்தானா என்று கேட்கிறாய். பன்னிரண்டு வயசில் குத்தின முள், மேலே சதை மூடிக்கொண்டுவிட்டது, உள்ளே அப்படியே இருக்கிறது. ஒன்பது வருஷம். நீ போன பிறகு எனக்கு அழுகை வரும் என்று பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. இன்னொரு டீ சொன்னேன். அதையும் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பொம்மைகளைச் சேர்த்தது நீ என்றுதான் தெருவில் எல்லாரும் நினைத்தார்கள். பெண்பிள்ளைக்குச் சிப்பாய் பொம்மை என்ன கேடு என்று உன்னைத்தான் கேலி செய்தார்கள். உண்மையில் சேர்த்தது நான். உன்னை முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு பின்னால் நின்று சேர்த்தேன், அவ்வளவுதான். அப்போது பற்பசைப் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் பொம்மை போட்டுக் கொடுப்பார்கள். முதலில் வந்தவன் மண்டி போட்டுத் துப்பாக்கி பிடித்திருந்தான், பச்சை நிறம். நீ அவனை வைத்து ஒரு நாள் விளையாடினாய், மறந்துவிட்டாய். நான்தான் அவனைத் திருப்பிக் காலடித் தட்டைப் பார்த்தேன். அதில் பொடி எழுத்தில் ஓர் எண் இருந்தது. எண் என்று ஒன்று இருந்தால் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் இருக்கத்தானே வேண்டும்? அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். மறு வாரம் நான் மூன்று பெட்டி வாங்கிக்கொண்டு வந்ததற்கு உன் அம்மா, "வூட்ல கீறது நாலு பேரு. இத்தினி டியூப்பு இன்னாத்துக்கு? கோர்ட்டுக்கே பல்லு வெளக்கி வுடப்போறீங்களா?" என்று கேட்டாள். பாபு உருண்டு உருண்டு சிரித்தான், அவனுக்குப் புரிந்ததோ என்னவோ.

நின்று சுடுகிறவன், படுத்துச் சுடுகிறவன், குண்டு வீசுகிறவன், ஒயர்லெஸ் பேசுகிறவன் என்று ஒவ்வொருவனாகச் சேர்ந்தார்கள். இரண்டாவது பிரதி வந்தால் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் மாற்றிக்கொண்டு வரச் சொல்லி உன்னை அனுப்புவேன். பிஸ்கட் டின்னில் பழைய கோர்ட்டுத் தாளைப் பரப்பி அடுக்குவேன். மெட்ராஸ் போனால் மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடைகளைக் குடைவேன். அங்கேதான் ஒரு கடைக்காரன், மாமல்லபுரம் வருகிற வெள்ளைக்காரர்களிடம் கேட்டுப் பாரும் என்று சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னையும் இழுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போனேன். கடலையோ கோயிலையோ நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை. கூட வந்த நீ பார்த்திருப்பாய்.

அங்கே ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் மூன்று மாதம் வீடு எடுத்துத் தங்கியிருந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த வீட்டுப் பையன் கிளிஞ்சல் பொறுக்கப் போய்விட, அவனுடைய பேண்டு செட்டு மணலில் கிடந்தது. பிளாஸ்டிக்தான், ஆனால் நம் ஊர் சாமான் இல்லை. பன்னிரண்டு பேர். சிவப்புக் கோட்டு, கறுப்பு ரோமத் தொப்பி, எல்லாம் கையால் தீட்டின வர்ணம், தாடையில் நூல் கனத்துக்கு ஒரு பட்டை. முன்னால் கோல் பிடித்து ஒருவன், பின்னால் தாளமும் மேளமும் ஊதலும். அந்தப் பையனின் மூத்த அண்ணன் சின்ன வயசில் வைத்திருந்ததாம். நான் சிற்பக் கடையில் கைக்கு அடக்கமான ஒரு கல் யானையை வாங்கிக்கொண்டு போய் நின்று, "சப்ஜெக்ட் டு யுவர் கன்சென்ட்" என்று ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அதுதான். பையனின் அப்பா சிரித்துவிட்டு யானையை வாங்கிக்கொண்டு பன்னிரண்டு பேரையும் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா! நீ பிறந்த அன்றைக்குக்கூட அப்படி இருந்தேனா என்பது சந்தேகம். உன்னிடம் சொல்லக் கூடாததுதான், சொல்லிவிட்டேன்.

அந்த செட்டில் கொம்பு ஊதுகிறவன் ஒருவன் உண்டு, கன்னம் இரண்டும் உப்பி. பாபுவுக்கு அவன்மேல்தான் கண். தானும் கன்னத்தை உப்பிக்கொண்டு வீடு முழுக்க நடப்பான். ஒரு நாள் நான் ஆபீசிலிருந்து வந்தபோது அவன் கொம்பூதியை வாயில் வைத்துக்கொண்டிருந்தான். பழைய பிளாஸ்டிக், கடித்தால் உடைந்துவிடும். அறைந்தேன். ஆறு வயசுப் பிள்ளை. அவன் அழவில்லை, பொம்மையைத் துடைத்து என் கையில் கொடுத்தான். அதற்குப் பிறகு டின்னை எட்டாத பலகையில் வைத்தேன். நீதான் நான் இல்லாத நேரத்தில் ஸ்டூல் போட்டு எடுத்து அவனுக்குக் காட்டுவாய் என்று பின்னால் தெரிந்தது. நல்லவேளை, ஒருத்தியாவது காட்டினாய்.

எழுபதாம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை அவனுக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலமே அனல் மாதிரி கொதித்தது. உன் அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் கண் திறக்காமலே "பொம்ம... பொம்ம..." என்றான். அவனுக்கு வேண்டியிருந்தது அந்தக் கொம்பூதி. எனக்கு அது தெரியும், உனக்கும் தெரியும். உன் அம்மாவுக்கு மட்டும் வேறாகக் கேட்டது. அவன் பிறந்தபோது பிழைப்பானா மாட்டானா என்று இருந்ததே, அப்போது அவள் தன் பிறந்தவீட்டுக் குலதெய்வமான செய்யூர்ப் பக்கத்துப் பச்சையம்மனுக்கு, புள்ள தேறினா பொம்மை வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். குயவரிடம் சொல்லி மண்ணில் செய்து வைக்கிற பொம்மை. இந்த வருஷம் அடுத்த வருஷம் என்று ஆறு வருஷம் தள்ளிப்போய்விட்டது. ஒரே சொல்தான். பிள்ளை விளையாட்டுச் சாமானைக் கேட்கிறான், அவளுக்கு ஆத்தா பாக்கியைக் கேட்கிற மாதிரி விழுந்தது.

நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் வந்து நின்று, "ஆத்தா புள்ள வாயால கேக்கறாங்க. மண்ணு பொம்ம செய்ய இப்ப நேரம் இல்ல. வூட்ல கீறதும் பொம்மதான? அவன் ஆசப்பட்டது எல்லாத்தையும் கொண்டும்போயி வெச்சிட்டு வாங்க" என்றாள். என்னைப் பற்றி உனக்குத் தெரியும். கோர்ட்டு வாசல் டீக்கடையில் சாமி இல்லை என்று மேசையைத் தட்டிப் பேசுகிறவன். ஆஸ்பத்திரி நம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். கோயில் இரண்டு பஸ் மாறி, சவுக்குத் தோப்பு வழியாக நடந்து போக வேண்டிய தூரம். நான் சொன்னது என்ன தெரியுமா? "இன்னிக்கு அவசர நகல் ஒண்ணு கீது. நாளைக்குப் போறேன்." சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனேன். ஏதோ ஒரு பாகப்பிரிவினை வழக்கு, நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை டின்னை எடுத்துக்கொண்டு போனேன். "ஒண்ணுகூட வெச்சிக்கக் கூடாது" என்று உன் அம்மா உன்னிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நீ தலையாட்டியதையும் பார்த்தேன். பச்சையம்மன் கோயிலில் முனிகள் இரண்டு பேர் மீசையும் கத்தியுமாகப் பனை உயரத்துக்கு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் காலடியில்தான் மண் பொம்மைகளை வைப்பது. பூசாரி டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, பிளாஸ்டிக்கா? வெயில்ல வளஞ்சிக்குமே. செரி, ஆத்தாவுக்கு இன்னா, ஆசயா குடுத்தா வாங்கிக்குவா. வெய்யி" என்று சொல்லிவிட்டுக் கற்பூரம் எடுக்க உள்ளே போனார். நான் ஒவ்வொருவராக எடுத்து வைத்தேன். பச்சைக்காரர்களை எல்லாம் வைத்தாயிற்று. பேண்டு செட்டை எடுத்தேன். பதினோரு பேர்தான் இருந்தார்கள். கொம்பூதி இல்லை.

இப்போது எழுதப்போவதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. ஒன்று குறைந்ததைப் பார்த்ததும் நீ ஒளித்துவிட்டாய் என்று தெரிந்தது. கோபம் வரவில்லை, பயமும் வரவில்லை. என் மனசில் வந்தது ஒன்றே ஒன்று: செட்டைப் பிரிக்கக் கூடாது. ஒருவன் வீட்டில் இருக்கிறான், பதினோரு பேர் இங்கே வெயிலில் நின்றால் செட்டு உடைந்துபோகும், பிறகு எந்த ஜன்மத்தில் சேர்க்க முடியும் என்று நினைத்தேன். என் பிள்ளை வீட்டில் நெருப்பாகக் கொதித்துக்கொண்டு கிடக்கிறான், நான் அங்கே நின்று இதை நினைத்தேன். பூசாரி திரும்பி வருவதற்குள் பதினோரு பேரையும் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன். நீ ஒன்று ஒளித்தாய். நான் பதினொன்று. கற்பூரம் காட்டினார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டேன், விபூதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, "எல்லாத்தையும் வெச்சிட்டீங்களா?" என்றாள். வைத்துவிட்டேன் என்றேன். நீ கதவோரமாக நின்று என் முகத்தையே பார்த்தாய். டின்னில் ஒன்று குறைந்தது எனக்குத் தெரிந்துவிட்டதா என்று பார்க்கிறாய் என்பது புரிந்தது. நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி கால் கழுவப் போனேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவனுக்கு வலிப்பு வந்தது. அப்போதுதான் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். எத்தனை சீக்கிரம் போய்விட்டேன் தெரியுமா, வழியில் மூச்சு வாங்கக்கூட இல்லை, அவ்வளவு பக்கம். மூளைக்காய்ச்சல் என்றார் டாக்டர். அவரும் அங்கிருந்த நர்சம்மாவும் அவனை விட்டு நகரவே இல்லை. திங்கட்கிழமை காலையில் போய்விட்டான். "வெள்ளிக்கிழமையே ஏன் கொண்டுவரல?" என்று டாக்டர் கேட்டார். கோயிலுக்குப் போயிருந்தேன் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு போனார். அவர் நான்கு அறை விட்டிருந்தால் எனக்கு உபகாரமாக இருந்திருக்கும்.

அந்தப் பதினோரு பேரும் இன்றைக்கும் என் ஆபீஸ் மேசை இழுப்பறையில், கார்பன் தாளுக்கு அடியில் இருக்கிறார்கள். தினம் காலையில் இழுப்பறையைத் திறப்பேன், பார்ப்பேன், பேனாவை எடுத்துக்கொண்டு மூடுவேன். ஒன்றும் தோன்றாது. பல் பிடுங்கின இடத்தில் நாக்கு போய்ப் போய் வரும் இல்லையா, அப்படித்தான். துக்கம் என்றால் நெஞ்சு வெடிக்கும், சோறு இறங்காது என்றெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு வேளாவேளைக்குச் சோறு இறங்கியது. சம்பள உயர்வு வந்தது, வாங்கிக்கொண்டேன். உன்னை நர்சிங் படிக்க வைத்தேன், அது மட்டும் தெரிந்து செய்தேன். இந்த வீட்டில் ஒரு ஆளாவது முதலில் ஆஸ்பத்திரிக்கு நடக்கிற ஆளாக இருக்கட்டும் என்று.

உன்னிடம் அன்றைக்கே வந்து, "நீ வெச்சிகினதுல தப்பு இல்ல, நானும் வெச்சிகினேன்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இந்த ஒரு வாரமாக யோசித்தேன். வெட்கம் என்று எழுதினால் அது பாதி உண்மை. மீதியையும் எழுதிவிடுகிறேன். இன்னொருத்தியும் ஒளித்திருக்கிறாள் என்பது எனக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. என் பாரத்தில் பாதியைப் பன்னிரண்டு வயசுப் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு, அவள் சுமப்பதைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி ஒன்பது வருஷம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நீ அதற்குப் பிறகு சொந்தத்தில் எந்தக் குழந்தையையும் தூக்கவில்லை என்று உன் அம்மா பல தடவை சொன்னாள். பொண்ணுன்னா கூச்சம் இருக்கத்தான் செய்யும் என்று பதில் சொன்னவன் நான். அயோக்கியத்தனம் என்று இதைத்தான் சொல்வார்கள். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை இல்லை.

உன் கேள்விக்குப் பதில் இதுதான். பொம்மையால் பாபு சாகவில்லை. காய்ச்சலால் செத்தான். வெள்ளிக்கிழமையே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. டாக்டர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை என்னுடையது, உன்னுடையது இல்லை. அம்மன் பொம்மையை எண்ணிப் பார்த்துத்தான் உயிர் கொடுக்கிறவள் என்று வைத்துக்கொண்டாலும், முதலில் என் டப்பாவைத்தானே திறந்திருப்பாள். கூடுவாஞ்சேரிப் பையனை உனக்குப் பிடிக்கவில்லை, அந்த வீடு சரிப்படாது என்று தோன்றுகிறது, அல்லது கல்யாணமே வேண்டாம் என்று வேறு எந்தக் காரணத்துக்காகவாவது நினைக்கிறாய் என்றால் ஒரு கார்டு போடு. நானே பிரசுக்குப் போய்ப் பத்திரிகையை நிறுத்துகிறேன், மாப்பிள்ளை வீட்டுக்கும் நானே போய்ப் பேசுகிறேன். யார் என்ன பேசினாலும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் காரணத்துக்காக மட்டும் வேண்டாம். கட்டிக்கொள்வதாக இருந்தால் அந்தப் பையனிடம் இதையெல்லாம் சொல்லிவிடு. வாய் திறக்காமல் இருப்பது மரியாதை என்று நினைக்கிற வீட்டில் வளர்ந்துவிட்டாய், அங்கேயும் போய் அதையே செய்யாதே.

இதை எழுத உட்காருவதற்கு முன்னால், நேற்று மத்தியானம், உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்டதையும் சொன்னேன், பதினொன்றையும் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைத் தூக்கி என் மேல் எறிவாள், ஆத்தாவை ஏமாற்றிவிட்டீங்களே என்று கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கை நிற்கக்கூட இல்லை. "பொம்மைய வுட்டுத்தள்ளுங்க. ஒண்ணு வெச்சிகினா இன்னா, பதினொண்ணு வெச்சிகினா இன்னா" என்றாள். இன்னும் இரண்டு கல்லைப் பொறுக்கிப் போட்டாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள். "வெள்ளிக்கிழம காலைல நீங்க சட்ட மாட்டிகினு இருந்தீங்க இல்ல? நான் கோயிலுன்னு சொன்னா, போடி பைத்தியக்காரின்னு என்னத் திட்டிட்டு, புள்ளையத் தூக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடுவீங்கன்னு நெனச்சேன். சாமி இல்ல, பூதம் இல்லன்னு ஊருக்கெல்லாம் பேசறவராச்சே. அந்த தைரியத்துலதான் வாயத் தொறந்தேன். நீங்க செரின்னுட்டீங்க."

அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தாளையும் பேனாவையும் அவளே எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"அவளுக்கு எழுதுங்க. நாம ரெண்டு பேருதான்னு எழுதுங்க. மூணாவதா எம் பொண்ணச் சேக்காதீங்க."